கால் விழுக்காடு

என் தமக்கை கொரின் செங்கல் பல்கலைக்கழகத்தில்,
நான் ஆற்றுக்கு இந்தப் பக்கம், கருங்கல்லில்.
இருவருக்கும் ஒரே வேலை:
நவம்பர் முதல் மார்ச் வரை
பதினேழு வயதுகளைப் படிப்பது.
தலைக்கு எட்டு நிமிடம்.

பாஸ்டனில் பனி கொட்டும் ஞாயிறுகளில்
பாலத்தடி உணவகத்தில் சந்திப்போம்.
சிப்பி சூப் ஆறுவதற்குள் தொடங்கிவிடுவாள்:
"போன வருஷம் எங்களுக்கு மூன்று புள்ளி ஆறு ஐந்து.
உங்களுக்கு?"
தெரிந்தேதான் கேட்பாள்.
மூன்று புள்ளி ஒன்பது என்றேன்,
சம்பளத்தைச் சொல்வதுபோல் தாழ்ந்த குரலில்.
"அடேயப்பா, கதவைத் திறந்தே போட்டிருக்கிறீர்களே!"

சின்ன வயதில் யார் உயரம் என்று
கதவு நிலையில் பென்சில் கோடு போட்டவர்கள் நாங்கள்.
இப்போது யார் குள்ளம் என்பதில் போட்டி.

காகிதக் கைக்குட்டையில் கணக்குப் போட்டேன்.
வந்தவர்கள் முப்பத்தெட்டாயிரத்து நானூறு.
எடுத்தது ஆயிரத்து ஐநூறு.
அவளை எட்டிப் பிடிக்க இரண்டு வழி:
எடுத்தவர்களில் தொண்ணூற்றாறு பேரை
வெளியே நிறுத்தலாம்.
அல்லது
இன்னும் இரண்டாயிரத்து எழுநூறு பேரை
வா வா என்று அழைத்து
இல்லை என்று சொல்லலாம்.

முதல் வழியில் கல்விக் கட்டணம் போய்விடும்.
இரண்டாவதற்கு ஒரு தபால் அட்டை போதும்.
எங்கள் டீன் விட்லாக் கணக்கில் கெட்டிக்காரர்.
அடுத்த கோடையிலேயே அட்டைகள் கிளம்பின:
சிவந்த மேப்பிள், கருங்கல் வளைவு,
"உங்களைப் போன்ற ஒருவரைத்தான் தேடுகிறோம்."

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்.
எங்கள் அடுப்பிலோ
பானை பெரிதாகப் பெரிதாகத்தான்
எடுத்த சோற்றுக்கு ருசி.

ஜனவரியில் ஒரு கோப்பு.
டெல்ஃபின் ஊலெட், மெயின் மாநிலத்தின் வடகோடி.
அறுவடைக்காகப் பள்ளிக்கூடம் மூடுகிற ஊர்.
உருளைக்கிழங்கு இயந்திரத்தின் பின்மேடையில் நின்று
ஓடும் பட்டையிலிருந்து கல் பொறுக்குகிறவள்.
எழுதியிருந்தாள்:
"விடியுமுன் கிழங்கும் கல்லும் ஒரே நிறம், மண் நிறம்.
கண்ணை நம்பினால் தப்பு.
கையில் எடுத்தால் கல் கனக்கும்.
ஆனால் எல்லாவற்றையும் கையில் எடுத்துப் பார்க்கப்
பட்டை நிற்காது."
கடைசியில்:
"உங்கள் அட்டை வராமல் இருந்திருந்தால்
எனக்கு விண்ணப்பிக்கத் தோன்றியிருக்காது. நன்றி."

எட்டு நிமிடம் இருபதாயிற்று.
குழுவில் இரண்டு முறை கை தூக்கினேன்.
விட்லாக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
எங்கள் அலுவலகத்தில் அதற்கு
இல்லை என்று அர்த்தம்.

மார்ச்சில் மறுபடி அதே மேசை.
கொரின் சூப்பைக் கலக்கிக்கொண்டே இருந்தாள், குடிக்கவில்லை.
"ஒரு பெண்," என்றாள். "பெயர் சொல்லக் கூடாது.
கல் பொறுக்குகிறவள்."
நான் உப்புக் குப்பியைக் கொஞ்சம் நகர்த்தினேன்.
"உங்களிடமும் வந்ததா?"
"விதிப்படி பேசக் கூடாது, கொரின்."
"எடுத்தீர்களா?"
மிளகுக் குப்பியையும் நகர்த்தினேன்.
அவர்களும் எடுக்கவில்லை என்பது
அவள் கேட்ட விதத்திலேயே இருந்தது.

ஆக, ஒரே பெண்
எங்கள் இருவரின் பின்னத்திலும்
கோட்டுக்குக் கீழே நிற்கிறாள்.
அவளால் செங்கல் ஓர் இழை அரிதாயிற்று,
கருங்கல்லும் ஓர் இழை.
விண்ணப்பக் கட்டணம் எண்பது டாலர்,
இரண்டு முறை,
கட்டியது அவள்.

ஏப்ரலில் எண்கள் வந்தன.
அவர்கள் மூன்று புள்ளி ஆறு.
நாங்கள் மூன்று புள்ளி ஆறு ஐந்து.
கேரட் கேக் வெட்டினார்கள்.
நான் இரண்டு துண்டு தின்றேன்.

அன்றிரவு கொரின் போன் செய்தாள்.
எப்போதும் எண்ணைத்தான் முதலில் சொல்வாள்.
"அங்கே வடக்கே பனி இன்னும் உருகியிருக்காது, இல்லையா?
கிழங்கு எப்போது நடுவார்கள்?"
தெரியாது என்றேன்.
இருவரும் கொஞ்ச நேரம்
போனை வைக்கவில்லை.